ஒரு டிஸ்ட்ரிபியூட்டரும் ஒன்பது வருடமும்: அம்பாசடரில் வேக்குவம் அட்வான்ஸ்

பழைய கார்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில், வேக்குவத்தால், அதாவது உறிஞ்சலால், வேலை செய்யும் தட்டையான ஒரு டப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில், விளிம்பில் பல் வெட்டிய சின்ன நட்டு ஒன்று. விரலால் திருகினால் டிக் டிக் என்று சத்தம் போடும். 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2 என் கைக்கு வந்தது 2016இல். முதல் இரண்டு வருடம் அந்த நட்டை நானும் திருகினேன், பார்த்த மெக்கானிக் எல்லோரும் திருகினார்கள். எல்லோரும் அதற்குச் சொன்ன பெயர் 'வேக்குவம் அட்ஜஸ்ட்மென்ட்'. ஆனால் அந்த நட்டு வேக்குவத்தை எதுவுமே செய்யாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கார்புரேட்டர் கிட், இரண்டு இக்னிஷன் காயில், ஏகப்பட்ட பெட்ரோல் செலவானது.

தொந்தரவு 2017 மழைக்காலத்தில் ஆரம்பித்தது. அவிநாசி சாலையில் ஐம்பது, அறுபதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி விக்கும். ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் விக்கல் நின்றுவிடும். சிக்னலில் நின்றால் ஸ்லோ ஓட்டம் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஆக்சிலேட்டரில் கால் லேசாக இருக்கும்போது மட்டும்தான் வியாதி.

"பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதுசுங்க சார். இனி கார்புரேட்டர்தானுங்க பாக்கி" என்றார் வழக்கமான மெக்கானிக். (பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, பிளக்கில் பொறியை வரவழைக்கும் சின்ன ஸ்விட்ச்.) பிரித்தோம், ஜெட்டை ஊதினோம், ஃப்ளோட் ஊசியை மாற்றினோம். விக்கல் அப்படியே இருந்தது. காயில் மாற்றினோம். அதுவும் டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று இன்னொரு காயில். கடைசியில் வேறொரு பட்டறையில், டாக்ஸிகளிலேயே கை பழகிய பெரியவர் ஒருவர், கார்புரேட்டரிலிருந்து அந்த டப்பிக்குப் போகும் வேக்குவம் பைப்பைப் பிடுங்கி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்து, "இப்ப ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார். விக்கல் போயே போய்விட்டது. "இந்தப் பைப்பெல்லாம் சும்மாங்க தம்பி. எத்தனையோ வண்டிக்குப் பிடுங்கி விட்டிருக்கேன்."

நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. மருந்துதான் தப்பு. ஒரு வருடம் பைப் இல்லாமலேயே ஓட்டினேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி எட்டரைக்கு வந்தது. ஊருக்குள் ஓட்டும்போது இழுவையில் ஒரு மந்தம். அதைச் சரிக்கட்ட அந்த நட்டை 'A' (அட்வான்ஸ், அதாவது பொறியை முந்தவைப்பது) என்று அம்பு போட்ட பக்கம் திருகினேன். பிக்கப் பிரமாதமாக இருந்தது. மறுவாரம் கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில், மூன்றாவது கியரில், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு உருட்டுகிற மாதிரி இன்ஜினுக்குள் ஒரு சத்தம். நாக்கிங், அதாவது பொறி அளவுக்கு மீறி முந்தியதால் இன்ஜின் தட்டுவது.

அன்று பயந்துபோய் உட்கார்ந்து படித்ததில் விளங்கியது இது. பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் கலவை முழுவதும் சட்டென்று எரிந்துவிடுவதில்லை, அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். இன்ஜின் வேகம் ஏற ஏற இன்னும் முன்பாக. அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடியில் இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் லேசான மிதியில் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவையே கொஞ்சம்தான், அடர்த்தியும் குறைவு. அது இன்னும் மெதுவாக எரியும். அப்போது கூடுதலாக முன்தள்ளுவதுதான் அந்த டப்பியின் வேலை. கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே உள்ள பொடி ஓட்டையிலிருந்து உறிஞ்சல் பைப் வழியாக வந்து, டப்பிக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை இழுக்கும். டயாஃப்ரம் ஒரு கம்பியை இழுக்கும். கம்பி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டைச் சுழற்றும். ஸ்லோவில் அந்த ஓட்டை த்ராட்டில் தகட்டுக்கு வெளிப்பக்கம் இருப்பதால் உறிஞ்சல் கிடையாது. முழு மிதியிலும் கிடையாது, உறிஞ்சலே விழுந்துவிடும். லேசான மிதியில் மட்டும்தான் டப்பிக்கு வேலை. என் வண்டி விக்கியதும் சரியாக அங்கேதான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் அதற்குள் சுற்றும் ரோட்டாரையும் கழற்றி வைத்துவிட்டு, பைப்பின் கார்புரேட்டர் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். தகடு நகர்ந்தது. நாக்கால் அடைத்தேன், நகர்ந்த இடத்திலேயே நின்றது. டயாஃப்ரம் ஓட்டையில்லை. நாக்கை எடுத்ததும் டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. அப்போதுதான் பாயிண்டுக்குப் போகும் அந்தச் சின்ன வயர் கண்ணில் பட்டது. தகடு நகரும்போதெல்லாம் அதுவும் கூடவே மடங்குகிறது. நகத்தால் மெல்ல இழுத்தேன். மேலுறை ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது! உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, முனையோடு முனை சும்மா தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. தகடு நகராதவரை தொடர்பு இருக்கும், நகர்ந்தால் விட்டுவிட்டு வரும். நாற்பது வருடம் மடங்கி நிமிர்ந்த வயர், பாவம், அது என்ன செய்யும். பைப்பைப் பிடுங்கியதும் விக்கல் போன மர்மமும் இதுதான். தகடே நகரவில்லை என்றால் வயர் ஏன் மடங்கப்போகிறது?

சாதாரண வயர் அங்கே சரிப்படாது, விறைப்பாக இருக்கும். பழைய மல்டிமீட்டர் புரோபின் வயரை வெட்டிப் போட்டேன். உள்ளே தலைமுடி மாதிரி இழைகள், சிலிக்கான் உறை. ஏழு வருடமாக அதே வயர்தான் ஓடுகிறது.

இப்போது அந்த நட்டுக்கு வருவோம். திருகினால் டப்பி முழுவதுமே முன்னும் பின்னும் நகரும். டப்பியோடு கம்பியும், கம்பியோடு தகடும் நகரும். ஆக, மாறுவது அடிப்படை டைமிங், அதாவது பொறி விழும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டரையே கையால் கொஞ்சம் திருப்புவதற்குச் சமம். ஏறக்குறைய பதினோரு டிக்குக்கு இன்ஜினில் ஒரு டிகிரி. எந்த அளவு உறிஞ்சலில் டயாஃப்ரம் அசையத் தொடங்க வேண்டும், எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பது டப்பிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் தடுப்பும் தீர்மானிக்கும் விஷயம். நட்டுக்கு அங்கே செல்வாக்கு கிடையாது. பெட்ரோல் தரம் மாறினால் டைமிங்கைக் கொஞ்சம் தட்டிவிடுவதற்காக வைத்தது அது. நான் பைப்பைப் பிடுங்கிவிட்டு நட்டைத் திருகியபோது, லேசான மிதிக்கு வேண்டிய முன்தள்ளலை எல்லா மிதிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். குன்னூர் ஏற்றம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அப்படியானால் வேக்குவத்தை மாற்றுவதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, டப்பியை மாற்ற வேண்டும். ஊரடங்கில் பல மாதம் நின்ற வண்டியில் 2021இல் டயாஃப்ரம் கிழிந்தது. உறிஞ்சினால் காற்றுதான் வந்தது. கடையில் கிடைத்த டப்பியை வாங்கிப் போட்டேன். பொருந்தியது, வேலையும் செய்தது. ஆனால் நாற்பதில் லேசான மிதியில் வண்டி முன்னும் பின்னும் குலுங்கிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் டப்பியின் மேல் பொடி எழுத்தில் மூன்று எண்கள் குத்தியிருந்தன. என் பழைய டப்பியில் 5-17-8. பாதரச அங்குலக் கணக்கில் 5இல் தொடங்கி 17இல் முடியும், மொத்தம் 8 டிகிரி இழுக்கும் என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இந்த 8, இன்ஜினில் 16. புதிதில் கடைசி எண் 12, அதாவது 24 டிகிரி. உறிஞ்சும் வாயும் திருகும் அளவும் ஒன்றாக இருந்தால் போதும் என்று கடைக்காரரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆறு மாதம் தேடி, பழைய சாமான் கடை ஒன்றில் 5-17-8 எடுத்தேன். முந்நூறு ரூபாய். அங்கேயே, கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்க, வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

டைமிங் வைக்கும்போது நான் பின்பற்றும் வரிசை ஒன்றுதான்: முதலில் பாயிண்ட் இடைவெளி, 0.40 மில்லிமீட்டர். அதற்கு அப்புறம்தான் டைமிங், ஏனென்றால் இடைவெளி மாறினாலே டைமிங்கும் கூடவே மாறும். டைமிங் வைக்கும்போது நட்டு அதன் ஓட்டத்தின் நடுவில் இருக்கட்டும், பின்னால் இரண்டு பக்கமும் நகர்த்த இடம் வேண்டும். இந்த இன்ஜினில் டைமிங் குறிகள் புல்லிக்கு அடிப்பக்கம் இருக்கின்றன. கீழே பாயைப் போட்டுப் படுத்து, புல்லியின் வெட்டில் சாக்பீஸ் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். பைப்பைக் கழற்றி அடைத்த நிலையில் ஸ்லோவில் உச்சிக்கு 6 டிகிரி முன்பாக வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 2500 சுற்றில் பைப் இல்லாமல் 26, பைப்பை மாட்டினால் 42. அந்த 16 வித்தியாசம் வருகிறதா என்பதைத்தான் வருடம் ஒருமுறை டயல் உள்ள டைமிங் லைட்டில் பார்க்கிறேன். வராவிட்டால் பெரும்பாலும் பைப்பின் இரு முனையிலும் உள்ள ரப்பர் வெடித்திருக்கும். பத்து ரூபாய்ச் சாமான், நான் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.

பைப்பும் சரியான டப்பியும் இருக்கும்போது மைலேஜ் பத்தரை, நெடுஞ்சாலையில் பதினொன்று வரை. நீண்ட ஓட்டத்தில் வெப்ப முள் முன்பு ஏறிய அளவுக்கு ஏறுவதில்லை. ஊட்டியில் மட்டும் கொஞ்சம் சோம்பல். ஏழாயிரம் அடிக்கு மேல் காற்றே மெலிவு, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் உறிஞ்சல் குறையும், டப்பிக்குப் போதிய பிடி கிடைப்பதில்லை. அங்கே பத்து நாள் தங்கினால் 'A' பக்கம் இருபது டிக் கொடுப்பேன், இறங்குவதற்கு முன் எண்ணி இருபது திரும்ப எடுத்துவிடுவேன். நட்டின் உண்மையான வேலை அதுதான்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடச் சொல்லி நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் மாட்யூலும் அதே தகட்டின் மேல்தான் உட்காரும். தகடு மசகில்லாமல் இறுகிப்போனால் எதைப் போட்டும் பிரயோசனமில்லை. அதனால் ரோட்டாரைக் கழற்றும்போதெல்லாம் தகட்டுக்கு ஒரு சொட்டு, ரோட்டார் உட்காரும் தண்டின் உச்சியில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன். அந்த உச்சியில் தெரியும் திருகைக் கழற்ற வேண்டாம், எண்ணெய் ஓரமாகவே இறங்கிவிடும்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டாரைப் பிடித்து ஆட்டினால் கையில் தெரிகிறது, டைமிங் லைட்டில் சாக்பீஸ் கோடு நிற்காமல் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி தள்ளாடுகிறது. லேத்தில் கொடுத்துப் புது புஷ் அடிக்க வேண்டும். பழகிய லேத்காரர் தைப்பூசம் முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.