ரோம்: டெர்மினி பக்கத்து இரண்டு-நட்சத்திரத் தர ஹோட்டல்கள்

ரோமில் நான்கைந்து நாள் தங்கிச் சுற்றுகிறவர்கள், டெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டிய சிறு ஹோட்டல்களைத் தயங்காமல் எடுக்கலாம். நவோனா சதுக்கமும் பாந்தியனும் இருக்கும் பழைய நகரப் பகுதி அழகுதான். ஆனால் அங்கே வாடகை கூடுதல், மெட்ரோ நிலையமும் பக்கத்தில் இல்லை. டெர்மினியில் ஏ, பி என இரண்டு மெட்ரோ தடங்களும் சந்திக்கின்றன. பி தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். ஏ தடத்தில் ஆறாவது நிறுத்தமான ஒத்தாவியானோவில் இறங்கினால் வாட்டிகன் அருங்காட்சியகம் நடக்கிற தூரம். கொடுக்கிற காசுக்கு இந்த வசதி ஒன்றே போதும். அறை எப்படி அமையும் என்பது பதிவு செய்யும் முன் நீங்கள் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

முதலில் கட்டடம். 1871-இல் ரோம் இத்தாலியின் தலைநகரானது. இந்தப் பகுதியில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்த ஐந்தாறு மாடிக் குடியிருப்புகள். ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு ஹோட்டல்கூட இருக்கும். தெருவில் பெரிய பெயர்ப் பலகையைத் தேடாதீர்கள். வாசலில் அழைப்பு மணிகளுக்கு நடுவே சிறிய தகடு இருக்கும். முகவரியில் கதவு எண்ணுக்குப் பிறகு 'ஸ்காலா' என்றிருந்தால் எந்தப் படிக்கட்டு, 'பியானோ' என்றால் எந்த மாடி, 'இன்டெர்னோ' என்றால் உள்ளே எந்தக் கதவு என்று பொருள். மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் போனால் இரவு நேரத்தில் பெட்டியோடு தவறான படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. பல கட்டடங்களில் படிக்கட்டின் நடுவே இருந்த இடைவெளியில் பிற்காலத்தில் லிஃப்டைப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடமிருக்காது. சில இடங்களில் லிஃப்டை அடையவே ஏழெட்டுப் படி ஏற வேண்டும். கூரை உயரமான கட்டடங்கள் என்பதால் மூன்று மாடி ஏறுவது இப்போதைய அடுக்ககத்தில் நான்கு மாடி ஏறுவதற்குச் சமம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள், தெருவிலிருந்து அறை வாசல் வரை எத்தனை படி என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்தது சத்தம். நிலையத்தின் வடகிழக்கே மார்கேரா, மஜென்டா, பலெஸ்த்ரோ தெருக்கள் ஓரளவு அமைதியானவை. தென்மேற்கே ஜோலிட்டி தெரு நிலையத்தை ஒட்டியே போகிறது. கவூர் தெருவில் பேருந்துகளும் கார்களும் ஓய்வதில்லை. எந்தத் தெருவானாலும் உள்முற்றத்தைப் பார்த்த அறையைக் கேளுங்கள். வெளிச்சம் குறைவு, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் தூக்கம் வரும். அதிலும் மேல்மாடி நல்லது. கீழ்மாடி முற்றத்து அறைகளில் ஏசியின் வெளிப்பெட்டி இரைச்சல் சுவரில் மோதி நேராக உள்ளே வரும்.

அறை விவரத்தில் 'மாத்ரிமோனியாலே' என்றிருந்தால் தம்பதியர் கட்டில்; சிறு ஹோட்டல்களில் அது இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதாகவும் இருக்கலாம். 'பிரெஞ்சுக் கட்டில்' என்று எழுதியிருந்தால் அகலம் 140 சென்டிமீட்டர்தான், இரண்டு பேருக்கு நெருக்கடி. நண்பர்களாகப் போகிறவர்கள் தனித்தனிக் கட்டில் வேண்டுமென்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

குளியலறை மிகச் சிறியது. 70 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று குளிக்க வேண்டியிருக்கும்; குனிந்து சோப்பை எடுத்தால் முழங்கை குழாயில் இடித்து வெந்நீர் கொட்டும். பக்கெட், குவளை கிடையாது. கழிவறையில் கழுவிக்கொள்ளும் கைக்குழாய்க்குப் பதிலாக 'பிடே' என்ற தாழ்வான பீங்கான் தொட்டி இருந்தால் அதிர்ஷ்டம். இடமில்லாத அறைகளில் அதுவும் இருக்காது என்பதால், ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளை எடுத்துப்போவதே நம்மவர்களுக்குச் சரி. ஷவருக்கு மேலே தொங்கும் கயிறு துணி காயப்போட அல்ல. அவசர மணி அது. இழுத்தால் வரவேற்பில் அலறும்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமில் குடியிருப்புக் கட்டடங்களின் வெப்பமூட்டல் வழக்கமாக நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் நாளுக்கு அதிகபட்சம் 12 மணி நேரம்தான். ஹோட்டல்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், குடியிருப்போடு பொது வெப்பமூட்டலைப் பகிரும் இடங்களில் இதுவே நிலையாக இருக்கலாம். பின்னிரவில் ரேடியேட்டர் ஆறிப்போனால் பழுது என்று சண்டை போட வேண்டாம், கூடுதல் போர்வை கேளுங்கள்.

மின்செருகி விஷயத்தில், நம் ஊர் இரண்டு முள் செல்பேசி சார்ஜர் அப்படியே பொருந்தும். மடிக்கணினியின் மூன்று முள் செருகிக்கு அடாப்டர் வேண்டும். கெட்டிலும் அரிசிக் குக்கரும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பெரும்பாலான ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை. ஏசி ஓடும்போது செருகினால் ட்ரிப் ஆகி இருட்டாகவும் வாய்ப்புண்டு.

பணத்தில் வரும் அதிர்ச்சி நகர வரி. 2023 அக்டோபரில் உயர்த்திய கணக்குப்படி ஒருவருக்கு ஓர் இரவுக்கு இரண்டு நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 6 யூரோ. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. இரண்டு பேர் நான்கு இரவு தங்கினால் 40 யூரோ. பெரும்பாலும் இணையப் பதிவில் சேராமல் ஹோட்டலில்தான் வாங்குவார்கள். ரசீது கேளுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்களின் சட்டக் கடமை.

ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் டெர்மினிக்குக் கொண்டுவிடும், ஒருவருக்கு 14 யூரோ. இரண்டு பேருக்கு ரயில்தான் சிக்கனம். நால்வர் என்றால் 56 யூரோ ஆகிறது. பழைய நகரைச் சுற்றிய ஔரேலியன் மதிலுக்குள் (டெர்மினியும் இதற்குள்தான்) டாக்ஸியின் நிலைக்கட்டணம் 55 யூரோ, அது ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடும்.

காலை உணவு பெரும்பாலும் கொர்னெத்தோ என்ற பிறை வடிவ ரொட்டி, ரஸ்க், காபி. அதற்கென்று தனிக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனை பாரில் (அங்கே காபிக்கடையைத்தான் 'பார்' என்பார்கள்) நின்றபடி காபி குடியுங்கள். உட்கார்ந்தால் விலை ஏறும். தண்ணீர் பாட்டிலும் வாங்க வேண்டாம். 1874-இலிருந்து தெருக்களில் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர்.

நள்ளிரவுக்கு மேல் வந்து சேருகிறவர்கள் மட்டும் இத்தகைய ஹோட்டல்களில் யோசித்து எடுங்கள். பலவற்றில் இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பதில்லை. தாமதமாக வந்தால் தனிக் கட்டணம், அல்லது கதவைத் திறக்க செல்பேசியில் எண் அனுப்புவார்கள். அந்த எண் வர உங்கள் சிம் அங்கே வேலை செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாளே விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் அனுப்பி, கதவைத் திறக்கும் எண்ணை வாங்கிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.