டிஎஸ்923 பிளஸ்: காப்பி பறக்கும், டேலி ஏன் திணறும்?

சென்னை பாரிமுனையில் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கத்து கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிப் பலரும் ஃபைல் வைக்கும் ஸ்டோரேஜ்), சினாலஜியின் டிஎஸ்923 பிளஸ். நாலு டிஸ்க் இடம், ஏஎம்டி ரைசன் ஆர்1600 சிப், 4 ஜிபி ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) மெமரி, ஒரு கிகாபிட் போர்ட் இரண்டு, எஸ்எஸ்டிக்கு எம்.2 சிலாட் இரண்டு. மெமரியை 32 ஜிபி வரை ஏற்றலாம். ஷேர் ஃபோல்டர் வேலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க் கொடுக்கும் முறை) வழியாக சர்வருக்கு லன் (பெட்டியில் ஒதுக்கிய டிஸ்க் பகுதி) கொடுத்து, அதன்மேல் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) ஓட்டும்போதுதான் ‘ஸ்லோவா இருக்குப்பா’ என்று குரல் வரும். இங்கே பார்ப்பது அந்த வேலையை மட்டும்தான்.

5 ஜிபி ஃபைலைக் காப்பி போட்டால் விநாடிக்கு 110 எம்பி வரும். ஒரு கிகாபிட் வயரில் அதுவே நல்ல வேகம். அதே பெட்டியில் இருக்கும் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் வவுச்சர் சேவ் செய்தால் கர்சர் சுத்திக்கொண்டே இருக்கும். இரண்டும் முரண் இல்லை. காப்பி என்பது வரிசையாகப் படிப்பது. டேட்டாபேஸ் என்பது சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே போய் எழுதுவது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட், சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும். ஹெட் நகர இன்னொரு 8 என்று வையுங்கள். ஆக ஒரு டிஸ்க்கில் விநாடிக்கு 80 சின்ன வேலைகள்தான் நடக்கும். ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி மீட்புக் கணக்கையும் டிஸ்க்குகளில் பிரித்து வைக்கும் முறை) ஒரு சின்னத் துண்டை எழுத இரண்டு தடவை படித்து இரண்டு தடவை எழுத வேண்டும், மொத்தம் நாலு வேலை. நாலு டிஸ்க் போட்டும், எழுதுவதில் கடைசியில் ஒரு டிஸ்க்கின் வேகம்தான் கிடைக்கும்! ரெய்டு 10-இல் (எதையும் இரண்டு டிஸ்க்கில் நகலாக வைக்கும் முறை) இரண்டே வேலை என்பதால் 160 வரும். 4 டிபி டிஸ்க் நாலு போட்டால் 12 டிபிக்குப் பதில் 8 டிபிதான் மிஞ்சும். டேட்டாபேஸ் ஓடும் பெட்டியில் அந்த நஷ்டத்தைத் தயங்காமல் ஏற்கலாம். டிஸ்க் வாங்கும்போது டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வகை) டிஸ்க் முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். தொடர்ந்து எழுத ஆரம்பித்தால் படுத்துவிடும், ரீபில்டு (கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதியதில் டேட்டாவை மறுபடி கட்டுவது) வந்தால் நாள் கணக்கில் இழுக்கும்.

பழியைப் பெட்டிமேல் போடும் முன் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்வரில் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, ஒரு தடவை எழுத ஆகும் சராசரி விநாடியைப் பாருங்கள், 0.020 என்றால் 20 மில்லிசெகண்ட். அதே நேரத்தில் பெட்டியின் ரிசோர்ஸ் மானிட்டரில் லேட்டன்சி (ஒரு வேலை முடியக் காத்திருக்கும் நேரம்) என்ன என்று பாருங்கள். இரண்டிலும் 40 மில்லிசெகண்ட் என்றால் டிஸ்க்தான் குற்றவாளி. சர்வரில் 40, பெட்டியில் 3 என்றால் வழியில் எங்கோ சிக்கல்.

வடசென்னையில் அந்த வழி தனிக் கதை. ராஜாஜி சாலை ஓரத்துப் பழைய கட்டடங்களில் உப்புக் காற்று சுவர் சாக்கெட்டின் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் போர்ட் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அப்போது விநாடிக்கு 11 எம்பிதான். பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் லிங்க் வேகம் 1000 என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால் சிஆர்சி எர்ரர் (வழியில் கெட்டுப்போன பாக்கெட்) எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நின்றிருந்தால் பழைய கணக்கு, விடுங்கள். ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் கேட் 6 கேபிளில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் உண்டு. முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்காதீர்கள்.

ஜம்போ ஃபிரேம் (பெரிய பாக்கெட்) வைத்தால் வேகம் கூடும் என்று யாராவது எம்டியு-வை (பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000 ஆக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சர்வர், சுவிட்ச், பெட்டி மூன்றிலும் 9000 இல்லையென்றால் லாகின் ஆகும், சின்ன பாக்கெட் போகும், பெரிய ரீடு வந்ததும் தொங்கும். பாக்கெட்டை உடைக்காமல் 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் ஹெடருக்கு. பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் 1500-க்குத் திருப்பிவிடுங்கள். ஒரு கிகாபிட்டில் ஜம்போவால் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

இரண்டு போர்ட்டையும் பாண்டு போட்டு (ஒன்றாகச் சேர்த்து) இரட்டை வேகம் எதிர்பார்ப்பது அடுத்த தப்பு. ஒரு ஐஸ்கஸி செஷன் எப்போதும் ஒரே வயரில்தான் போகும். ஐஸ்கஸிக்குச் சரியான வழி எம்பிஐஓ (ஒரே லன்னுக்குப் பல பாதை): இரண்டு போர்ட்டுக்கும் வெவ்வேறு சப்நெட்டில் ஐபி, சர்வரிலும் அப்படியே, பாலிசி ரவுண்டு ராபின் (இரண்டு பாதையிலும் மாறி மாறி அனுப்புவது). பெட்டியின் சான் மேனேஜரில் டார்கெட்டுக்குப் (சர்வர் வந்து இணையும் முனை) பல செஷன் அனுமதியை டிக் செய்ய வேண்டும். அந்த டிக்கை நம்பி ஒரே லன்னை இரண்டு சர்வரில் மாட்டிவிடாதீர்கள். கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் (பல சர்வர் ஒரே டிஸ்க்கைச் சேர்ந்து பயன்படுத்தும் முறை) இல்லாவிட்டால் டேட்டா குட்டிச்சுவர்.

எம்.2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவை எஸ்எஸ்டியில் வைப்பது) இந்தப் பெட்டியின் நிஜமான பலம். எழுதுவதற்கும் கேஷ் வேண்டுமென்றால் இரண்டு எஸ்எஸ்டி கட்டாயம். பவர் போனாலும் டேட்டாவைக் காக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் பெட்டியோடு இணைத்து, தானே ஷட்டவுன் ஆகும்படி வைக்காமல் ரைட் கேஷைத் தொடாதீர்கள். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையைப் பதிவது), ஸ்கரப் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பது), பேக்கப் மூன்றையும் ராத்திரிக்குத் தள்ளுங்கள். காலை பதினொரு மணி மந்தத்துக்குப் பாதிக் காரணம் இவற்றின் ஷெட்யூல்தான்.

எரிச்சல் தருவது 10 கிகாபிட். பெட்டியில் அது கிடையாது, சினாலஜியின் தனி கார்டையே வாங்க வேண்டும். சுழலும் டிஸ்க்கை மட்டும் வைத்து டேலி ஓட்டுகிறவர்களுக்கு அது வீண் செலவு. கேஷும் போட்டு, ஒரே சர்வர்தான் என்றால், 10 கிகாபிட் சுவிட்ச் கூடத் தேவையில்லை. சர்வரில் ஒரு 10ஜி கார்டு போட்டு, நடுவில் ஒரே கேபிள், இரு முனைக்கும் ஒரே தனி சப்நெட்டில் ஐபி.