சீன மொழி வகுப்புக்கு ‘இடம் உறுதி’ என்று சொல்லி 1,47,000 ரூபாய் வாங்கிய ஆலோசனை நிறுவனம்: ஓர் எச்சரிக்கை

பெய்ஜிங் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் ஒரு பருவம் சீன மொழி படிப்பதற்காக, சென்னையில் இயங்கும் ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்திடம் 1,47,000 ரூபாய் கட்டினேன். விண்ணப்பக் கட்டணமாகச் செலுத்தப்பட்ட சில நூறு யுவானைத் தவிர அந்தப் பணத்தில் எதுவும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது, சென்ற வாரம் பதிவு நாளன்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. செப்டம்பர் பருவத்துக்கு விசாரிப்பவர்கள் இப்போதே இவர்களுடைய விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், கோபம் தணியும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

மின்னணு உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்யும் தொழிலில் இருக்கிறேன். ஷென்ஜென்னில் உள்ள விற்பனையாளர்களோடு மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு விலை பேசி அலுத்துப்போய், மாலை வகுப்புகளில் படித்து சீன மொழித் திறனுக்கான ஹெச்எஸ்கே தேர்வில் மூன்றாம் நிலையைத் தேறியிருந்தேன். நான் படித்த பாடத்திட்டத்தில் மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள் என்றால் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள் வேண்டும். தொடக்கநிலைப் பாடநூல்களில் எழுத்துக்கு மேல் பின்யின், அதாவது ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, அச்சிட்டிருப்பார்கள். இடைநிலைக்கு வந்தால் அந்த ஊன்றுகோல் பெரும்பாலும் போய்விடும். இந்தக் கட்டத்தைத் தனியாகத் தாண்டுவது கடினம் என்பதால்தான், வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு நடக்கும் பல்கலைக்கழகப் பயிற்சியைத் தேடினேன். அங்கே போயும் தொடக்கநிலை வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் எனக்கு இருந்தது. அந்த நிறுவனம் விற்றதே அந்தக் கவலைக்கான மருந்தைத்தான்.

காணொளி அழைப்பில் பேசிய பெண்மணி சரளமாகச் சீன மொழி பேசினார். ஒரு பத்தியை அனுப்பிப் படிக்கச் சொன்னார்; முந்தைய நாள் என்ன செய்தேன் என்பதை விவரிக்கச் சொன்னார்; சீனச் சொற்களின் குரல் ஏற்ற இறக்கங்களில் ஒன்றான மூன்றாம் தொனி அடுத்தடுத்து இரண்டு முறை வரும் இடத்தில் நான் உச்சரித்ததைப் பொறுமையாகத் திருத்தினார். “சார், நீங்க தாராளமா இடைநிலை வகுப்புல உட்காரலாம், அதுக்கு நாங்க பொறுப்பு” என்றார். கல்லூரியில் எனக்கு வாய்த்த எந்த ஆசிரியரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. என் உச்சரிப்பைத் திருத்திய ஒருவர் என் பணத்தை எடுத்துக்கொள்வார் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரமே, இடைநிலை வகுப்பில் இடம் உறுதி செய்யப்பட்டிருப்பதாகச் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாள் ஒன்று, நடுவில் நட்சத்திரமும் சுற்றிலும் எழுத்துகளும் கொண்ட வட்டமான சிவப்பு முத்திரையோடு வந்து சேர்ந்தது. அதே மின்னஞ்சலின் கீழே வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தது.

கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நானே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கியிலேயே டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள் என்றும், தங்களுடைய சென்னைக் கணக்கில் ரூபாயாகக் கட்டிவிட்டால் அந்தச் செலவு மிச்சம் என்றும் சொன்னார்கள். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் பணத்துக்கு அந்த வரியே கிடையாது. 1,47,000 ரூபாய் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது.

சேர்க்கைக் கடிதம் வந்தது; அது உண்மையான கடிதம். அதை வைத்து, நூற்று எண்பது நாளுக்கு மேற்படாத படிப்புக்கான எக்ஸ்2 விசாவும் கிடைத்தது. கட்டண ரசீதை மட்டும் காணவில்லை. முதலில் வங்கி நடைமுறை என்றார்கள், பிறகு பல்கலைக்கழகம் குளிர்கால விடுமுறையில் இருக்கிறது என்றார்கள், அதன்பின் சீனப் புத்தாண்டு என்றார்கள். அங்கே புத்தாண்டுக்கு அரசு விடுமுறை ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கோ புத்தாண்டுக் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் விளக்குத் திருவிழா கழிந்த பிறகும் புத்தாண்டு முடியவில்லை. “சீனா போனதும் வீசாட்டில் பேசிக்கொள்ளலாம் சார்” என்பதுதான் கடைசியாக வந்த பதில். வீசாட் சீனர்களின் செய்திச் செயலி; சீன இணைய இணைப்பில் வாட்ஸ்அப் திறக்காது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வீசாட்டில் நான் அனுப்பிய நட்புக் கோரிக்கையை இன்றுவரை அவர்கள் ஏற்கவில்லை.

பதிவு நாளன்று அலுவலர் என் கடவுச்சீட்டையும் சேர்க்கைக் கடிதத்தையும் சரிபார்த்துவிட்டு, கட்டணம் வரவில்லை என்றார். நான் அந்தச் சிவப்பு முத்திரைத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் பேனாவைத் திருப்பிப் பிடித்து அதன் பின்முனையை முத்திரையின் வளைவில் இருந்த எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்திப் படித்துக் காட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஏதோ ஒரு கல்வி ஆலோசனை லிமிடெட் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. இப்படி யாருக்கும் முன்கூட்டியே வகுப்பை உறுதி செய்வதில்லை என்றும், வந்து சேர்ந்தபின் நடக்கும் எழுத்துத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் வைத்து ஆசிரியர்கள்தான் நிலையைத் தீர்மானிப்பார்கள் என்றும் சொன்னார். சேர்க்கைக் கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கல்விக் கட்டணத்தைப் பதிவின்போது வாங்குவதுதான் அங்கே வழக்கம். கடிதம் கையில் இருப்பதால் பணம் கட்டப்பட்டுவிட்டது என்று ஆகாது. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

வார இறுதிக்குள் கட்டாவிட்டால் பதிவு கிடையாது என்பதால், ஊரில் அண்ணனிடம் கேட்டுப் பணம் வாங்கி 11,000 யுவானை மறுபடியும் கட்டினேன். நிலைத் தேர்வில் எனக்குக் கிடைத்தது தொடக்கநிலையின் இரண்டாம் பாதி. அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டல் பகுதியில் நான் தடுமாறியதை ஆசிரியை நேர்மையாக எடுத்துச் சொன்னார். பருவத்தின் நடுவில் இடைநிலைக்கு மாறவும் வாய்ப்பு உண்டாம். வருத்தமெல்லாம், என்னைப் புகழ்ந்து பேசிய அந்தக் குரலை நினைத்தால்தான் வருகிறது.

1,47,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, சேர்க்கைக் கடிதமும் விசாவும் கிடைத்துவிட்டதால் சேவை நிறைவேறிவிட்டது என்றும், சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்றும் மின்னஞ்சல் வந்தது. நான் கட்டியதில் பெரும்பகுதி கல்விக் கட்டணம் என்று அவர்களுடைய விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினேன்; கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாக ஒரு வரி வந்தது. தொலைபேசியில் பேசிய இளைஞர், “மேடம் லீவுல இருக்காங்க சார், வந்ததும் கூப்பிடச் சொல்றேன்” என்றார். என் வங்கியோ, நான் மனமுவந்து அனுப்பிய பணம் என்பதால் தன்னால் எதுவும் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டது. 1930 எண்ணுக்குரிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் எழுதவிருக்கிறேன்.

விரிவான வழிகாட்டி ஒன்றை எழுத நினைத்தேன், அதற்கு இப்போது நேரமில்லை. இவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே போடுங்கள். விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும். கல்விக் கட்டணத்தை ரூபாயாக எந்த நிறுவனத்தின் கணக்கிலும் கட்டாதீர்கள். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே அனுப்புங்கள், இல்லாவிட்டால் நேரில் போய்க் கட்டுங்கள். வகுப்பு நிலை உறுதி என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். இதே போன்ற இடத்தில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், கட்டணம் வந்ததா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விமானச்சீட்டு எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.