பிக்கப்புக்கு இரும்பு பம்பர்: பிளேட்டா, சேனலா, பைப்பா?

டெல்டாவில் சரக்கு பிக்கப் வைத்திருப்பவர்கள் இரும்பு பம்பர் கேட்டுப் பட்டறைக்கு வரக் காரணம் கேட்கவே வேண்டாம். களத்துக்கு இறங்கும் சரிவில் பிளாஸ்டிக் பம்பரின் அடிவாய் கிழியும். நெல் கொள்முதல் நிலைய வரிசையில் முன்னால் நிற்கும் வண்டி பின்னால் உருண்டு வந்து இடிக்கும். கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலையில் இருட்டியபின் மாடு குறுக்கே வரும். பட்டறையில் செய்யக்கூடியது மூன்று விதம்: பைப்பை வளைத்து முன்னால் கார்டு (தடுப்புக் கம்பி) போடுவது, பிளேட்டை வெட்டி மடித்து முழு பம்பராகக் கட்டுவது, சேனலை, அதாவது ‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தை, அறுத்துப் பூட்டுவது. ரெடிமேட் பம்பர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றை வாங்கினாலும் நம் வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) முனைக்கு ஏற்றபடி பிராக்கெட் புதிதாக அடிக்க வேண்டிவரும். அதற்கு முழுவதையும் இங்கேயே அடித்துவிடலாம்.

பைப்பை முதலில் முடித்துவிடுகிறேன். மலிவு, சீக்கிரம் முடியும், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் வண்டியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இந்த கார்டுகள் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போது கழற்றிவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் உண்டு. சட்டத்தை விடுங்கள். நடவு முடிந்து சாலை ஓரமாகக் கும்பலாக நடந்து வருகிற பெண்கள் மேல் இந்த வண்டி உரசினால், பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் உள்வாங்கும். பைப் அத்தனை விசையையும் ஒரே இடத்தில் இறக்கும். பட்டறைக்காரருக்கும் இது நல்லதில்லை. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டி எடுக்காமல் வெல்டிங் வைத்தால் அந்தப் புகையே சாயங்காலம் குளிர் காய்ச்சலாக வந்து நிற்கும்.

மிஞ்சுவது பிளேட்டும் சேனலும். பிளேட் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது கனம். பட்டறையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, அஞ்சு எம்.எம். போட்டுடுவோம். அப்பத்தான் அசையாது.”

“அசையாம இருந்தா இடி எங்கப்பா போவும்?”

அண்ணன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் எடை. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. மடிப்பு, பக்கவாட்டு, உள் விலா எல்லாம் சேர்த்து பம்பருக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் தகடு பிடிக்கும். அந்த ஒரு சதுர மீட்டர் மட்டுமே 3 மி.மீ. என்றால் 23 கிலோ சொச்சம், 5 மி.மீ. என்றால் 39 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ மூட்டை ஒன்றை முன் அச்சுக்கும் முன்னால் நிரந்தரமாகக் கட்டித் தொங்கவிட்ட கதைதான். ஸ்டீயரிங் கனக்கும், முன் சஸ்பென்ஷன் அமுங்கும், ஏற்றும் சரக்கில் அத்தனை கிலோ குறையும்.

எடையைவிடப் பெரிய வினை இடிபடும்போது. பம்பர் மடங்காவிட்டால் அதன் பின்னாலுள்ளது மடங்க வேண்டும், அதாவது சேசிஸ் முனை. நசுங்கிய பம்பரை ஒரு மத்தியானத்தில் மாற்றலாம். சேசிஸ் கோணினால் வண்டியைக் கிடத்திவிட்டுத்தான் மறுவேலை. அதனால் பிளேட் என்று முடிவெடுத்தால் 3 மி.மீ. போதும் என்பது என் கட்சி. விறைப்பு தகட்டின் கனத்தில் வருவதைவிட மடிப்பில் வருவதே அதிகம். மூன்று மடிப்பு விழுந்த மெல்லிய தகடு, மடிப்பே இல்லாத தடித்த தகட்டைப் போல அவ்வளவு சுலபமாக வளையாது.

ஆனால் அந்த மடிப்பை நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றில் நேராக விழவைக்க முடியாது, தகடு மடிக்கும் பிரஸ் இல்லை. மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் பாதிக் கனத்துக்குக் கீறி, வளைத்து, மேலே வெல்டிங் இழுப்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. வழவழப்புக்காக வெல்டிங்கைத் தேய்த்தே தீர்த்துவிடுவார்கள், மடிப்பில் உயிரே இருக்காது. முடிந்தவர்கள் அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு திருச்சி துவாக்குடிப் பக்கம் போய்விடுங்கள். பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையை நம்பி வளர்ந்த தொழிற்பேட்டை அது. வெட்டவும் மடிக்கவும் மெஷின் வைத்திருக்கிறார்கள். மடித்து வாங்கிவந்து இங்கே ஒட்டிக்கொள்ளலாம்.

பிளேட்டுக்குப் பெரிய லாபம் அடிவாய். கீழ் விளிம்பைப் பின்னோக்கிச் சரித்து வெட்டினால் கரையிலிருந்து களத்துக்கு இறங்கும்போது இடிக்காது. இதை சேனல் தராது. நஷ்டம் காற்று. ரேடியேட்டருக்கு நேராக அழகுக்கு நாலு ஓட்டை போட்டால் போதாது. சித்திரை வெயிலில் லோடோடு போகும்போது டெம்பரேச்சர் முள் சொல்லிவிடும். கிரில் எவ்வளவு திறந்திருந்ததோ அவ்வளவும் திறந்தே இருக்கட்டும்.

சேனல் பார்வைக்கு ஒன்றுமில்லை. நூறுக்கு ஐம்பது மி.மீ. சி சேனல், மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. வண்டி அகலத்துக்கு அறுத்தால் பதினைந்து, பதினாறு கிலோ. அறுக்க கட்டிங் வீல், துளைக்க டிரில், வேறென்ன வேண்டும்? இதில் ஒரு வசதியும் உண்டு: உள்ளே இடம் இருக்கிற வண்டிகளில் பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றாமல் அதன் பின்னாலேயே சேனலை ஒளித்துவிடலாம். வெளியே எதுவும் நீட்டாது, முகம் மாறாது, நடந்து வருபவர் மேல் பட்டாலும் முதலில் படுவது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் கிழியத்தான் செய்யும், கிழியட்டும், ரேடியேட்டர் தப்பும். இதுவும் மாற்றம்தானே என்று அதிகாரி கேட்டால் கேட்கலாம், அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது. ஏர்பேக் உள்ள பிக்கப் என்றால் மூன்றுமே வேண்டாம். முன்பக்க விறைப்பு மாறினால் ஏர்பேக் விரியும் நேரக் கணக்கு கெடும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் மீனும் உப்பும் ஏற்றுகிற வண்டிகளுக்கு இந்தத் தராசு இன்னும் ஒரு பக்கம் சாயும். அங்கே துரு உள்ளேயிருந்து தின்னும். பைப்பும் நாலு பக்கம் மூடிய பிளேட் பெட்டியும் உள்ளே புகுந்த உப்புத்தண்ணீரை வெளியே விடாது. மேலே பெயிண்ட் பளபளக்கும், விரலால் குத்தினால் ஓட்டை. சேனலின் திறந்த பக்கத்தைப் பின்னோக்கி வைத்தால் தண்ணீர் ஹோஸைப் பிடித்துக் கழுவிவிடலாம். திறப்பு மேல்நோக்கி இருந்தால் அது தொட்டி. பிளேட்தான் வேண்டும் என்றால் பின்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், தாழ்ந்த மூலைகளில் துளை போடுங்கள், உள்பக்கமும் எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே மேல் பெயிண்ட்.

ஆக, தென்னந்தோப்புக்கும் களத்துக்குமாக சொந்த நிலத்துக்குள்ளேயே உழலும் வண்டிக்கு 3 மி.மீ. பிளேட். தினமும் தஞ்சாவூர், கும்பகோணம் என்று சாலையில் ஓடும் வண்டிக்கு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சேனல். பைப் எதற்கும் இல்லை.

எதைப் போட்டாலும் சேசிஸில் நேராக வெல்டிங் வைக்க விடாதீர்கள். கம்பெனி கொடுத்த துளைகளிலேயே பிராக்கெட், 8.8 கிரேடு போல்ட். பிராக்கெட் சேசிஸைவிட இளைத்ததாக இருக்கட்டும், மடங்குவது அதுவாக இருக்க வேண்டும். வண்டியிலேயே வைத்து டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) வைப்பதானால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இரும்பிலேயே பிடிக்கச் சொல்லுங்கள், பி.எஸ்.6 வண்டியின் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போனால் செலவு பெரிது.