ஸ்டோர் அறைக் கணினிகள்: பூட்டி வைப்பதா, விற்பதா, கொடுப்பதா, ஒப்படைப்பதா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அன்றிலிருந்து மட்டக்களப்பு டவுனில் நான் கணினி திருத்திக் கொடுக்கும் கடைகளில் ஒரே கேள்விதான்: "தம்பி, இந்தப் பழசுகள என்ன செய்யிற?" விண்டோஸ் 11 கேட்கும் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய புரொசெசரும் இல்லாததால், நேற்றுவரை பில் அடித்துக்கொண்டிருந்த மெஷின்கள் ஸ்டோர் அறைக்குள் போய்விட்டன.

நாலு வழி இருக்கிறது. பூட்டி வைக்கலாம், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம், வேறு யாராவது பாவிக்க விடலாம், அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலானோர் முதலாவதைத்தான் செய்கிறார்கள். அதுவும் ஒரு தெரிவு என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பூட்டி வைத்தால் செலவில்லை என்பது நினைப்பு. நம்மூரில் அது பிழையான கணக்கு. மார்கழி மழைக்குக் கீழ்த்தளத்து ஸ்டோரில் தண்ணீர் ஏறுவது இங்கே புதினமில்லை. மழை விட்டால் உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு விலைபோகிற மெஷின் இரண்டு மாரி கழிந்தால் கிலோக் கணக்குச் சாமான்தான். ஒரு கடையில் ராக்கையின் மேல்தட்டிலிருந்து ஒரு லப்டொப்பை இறக்கினேன். டச்பேட் மேடுதட்டி எழும்பி, மூடி பொருந்தாமல் வாய் பிளந்து கிடந்தது. கழற்றினால் உள்ளே லித்தியம் பற்றறி தலையணை மாதிரி ஊதியிருக்கிறது. பக்கத்தில் காட்போட் பெட்டிகளும் பத்து வருடக் கணக்குப் புத்தகங்களும். அப்படி ஊதிய பற்றறியில் ஒரு கூரான சாமான் குத்தினாலே தீப்பிடிக்கலாம்.

இரும்புக்காரர் வழிக்கு ஒரு பெரிய வசதி: அவர் வாசலுக்கே வருவார், காசும் கையோடு தருவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஊர் குப்பையாகாமல் இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்: "செம்புக்கும் அலுமினியத்துக்கும்தான் தம்பி காசு. மத்தத வச்சி நான் என்ன செய்யிற?" அந்த 'மத்தது'தான் பிரச்சினை. வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால், பிவிசி உறையிலிருந்து டயொக்சின் என்ற நஞ்சு கிளம்பும். பழைய குண்டு மொனிட்டரை உடைப்பது அதன் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்காக. வீசப்படும் கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஈய ஒட்சைட். ஆரம்பகாலத் தட்டை மொனிட்டர்களின் விளக்குக் குழாய்க்குள் பாதரசம் இருக்கிறது. யூபிஎஸ் பற்றறியின் அமிலத்தை வடிகானில் ஊற்றினால் அது வாவிக்கு வந்து சேர அதிக தூரமில்லை.

இன்னொன்று, அவர் தூக்கிக்கொண்டு போவது வெறும் இரும்பை மட்டுமல்ல. எங்கோ கிலோக் கணக்கில் கைமாறி வந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாடிக்கையாளர் ஒருவர் வாங்கி வந்து, வேலை செய்யுமா என்று பார்க்கச் சொன்னார். வெறுமையாகத்தான் காட்டியது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். நகை அடகு ரசீதுகள், தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு குடும்பத்தின் படங்கள் என்று வரிசையாக வந்து விழுந்தன. உடனே நிறுத்தினேன். குவிக் ஃபோர்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது, பக்கங்கள் அப்படியே இருக்கும். தனிப்பட்ட தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பத்திரமாகக் கையாள வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். வாடிக்கையாளர் விவரத்தோடு டிஸ்க்கைக் கிலோவுக்குக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

ஆகவே எந்த வழியானாலும் டிஸ்க்கைக் கவனித்த பிறகுதான் மெஷின் வாசல் தாண்ட வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் என்வைப் மாதிரியான இலவச மென்பொருளால் முழுவதையும் மேலெழுதினால் போதும். சுழலாமல் மெமரி சிப்பிலேயே தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு அது சரிவராது. முழுவதையும் அழிக்கும் உற்பத்தியாளரின் செக்கியூர் இரேஸ் கட்டளையைப் பாவிக்க வேண்டும். இயங்காத டிஸ்க்குக்கு டிரில் மெஷின். எஸ்எஸ்டியில் ஓட்டை மெமரி சிப்பிலேயே விழ வேண்டும், ஓரத்துப் பலகையில் அல்ல.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஒரு லப்டொப்பின் வாழ்நாள் காபன் கணக்கில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே செலவாகிவிடுகிறது. அதனால் இன்னும் மூன்று வருடம் ஓட வைப்பதுபோல் எந்த மீள்சுழற்சியும் வராது. நாலு ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி, மேலே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம்: டியூசன் நிலையத்துக்கும் சின்னக் கடைக்கும் தாராளம். விற்றால் இரும்பு விலையை விடக் கூடவே கிடைக்கும்.

ஆனால் நன்கொடை என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு மாலையும் பெனருமாகக் கணினிகள் வந்திறங்கின. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பதினொன்றில் நாலுதான் உயிரோடு இருந்தன, இரண்டுக்குப் பவர் வயரே இல்லை. டவுன் பக்கத்து எழுவான்கரைக் குப்பையைப் படுவான்கரைக்கு ஏற்றிவிட்டுப் படமும் பிடித்தாயிற்று! அதிபர் பாவம், அவற்றைக் கழிக்க அவருக்குத்தான் இனிக் கடிதம் எழுதுகிற வேலை. பூட் ஆகி, விசைப்பலகை, மவுஸ், வயரோடு முழுசாக இருப்பதை மட்டும் கொடுங்கள்.

ஓட வைக்கவே முடியாதவற்றுக்கு நாலாவது வழிதான். 2008 பெப்ரவரியில் வந்த 1534/18ஆம் இலக்க வர்த்தமானியின்படி இலத்திரனியல் கழிவு அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்கவும், கொண்டுசெல்லவும், மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கொழும்பு பேட்டாவிலிருந்து சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் ஏற்றிவிடலாமே என்று ஒரு முதலாளி கேட்டார். நல்ல மூளைதான், ஆனால் அந்த லொறிக்கும் அனுமதி வேண்டுமே.

இந்த வழியின் குறை தூரமும் அளவும். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். மூன்று மெஷினுக்காக அங்கிருந்து ஒரு வாகனம் வந்தால் கட்டுபடியாகாது. சிலர் போக்குவரத்துக்குக் காசும் கேட்பார்கள். பதிலுக்குக் கிடைப்பது கையில் பிடிக்கக்கூடிய ஒரு தாள்: எந்த இலக்கமுடைய கருவி, எத்தனை கிலோ, எந்தத் திகதியில் பெறப்பட்டது என்று எழுதியது. சொத்துப் பதிவேட்டிலிருந்து பொருளைக் கழிக்கும்போது கணக்காய்வாளர் கேட்பதும் அதைத்தான். வந்தவரின் அனுமதிப்பத்திரம் இன்னும் செல்லுபடியாகிறதா, அவர் எதற்கு அனுமதி பெற்றவர் என்று வாங்கிப் பாருங்கள். சேகரிக்க அனுமதி இருப்பதால் உடைத்துப் பிரிக்கவும் இருக்கிறது என்றாகாது. வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். 2025 ஜனவரி முதல், ஆபத்தான கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கீழ் எந்த மின்கழிவானாலும் பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும்.

அளவுப் பிரச்சினைக்கு நாங்கள் கண்ட வழி கூட்டுச் சேர்வதுதான். ஒரே தெருவில் ஐந்து கடை, ஆளாளுக்கு ஒரு பட்டியல், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே வாகனம். பட்டியல் எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இருபத்தாறு மெஷினில் பதினான்கு இன்னும் ஓடும். அவற்றில் ஆறு ஏற்கெனவே விலைபோய்விட்டன, நாலு ஒரு முன்பள்ளிக்குப் போயின. இரும்புக்காரருக்கும் பங்கு வைத்தோம். வெறும் இரும்புக் கேசிங்குகளை அவரே வந்து எடுத்துப் போனார், "இதுதான் தம்பி எனக்கு லேசு" என்றார்.

ஓடாத பன்னிரண்டும் மாடியில், நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை போட்டு அடுக்கியிருக்கின்றன. ஊதிய பற்றறிகள் வேறாக, மணல் நிரப்பிய தகர வாளிக்குள். என் கடையிலும் இரண்டு குண்டு மொனிட்டர் இருந்தன. வெட்கத்தோடு அவற்றையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.