ஒரே இயக்குநர், இரண்டு புதுப்பிப்புகள்

பழைய விண்வெளிப் படத்தொடரை இன்றைய ரசிகர்களிடம் எப்படிக் கொண்டுவருவது? புதிதாகத் தொடங்கலாம், அல்லது பழைய கதையையே தொடரலாம். இயக்குநர் ஜே. ஜே. ஆப்ரம்ஸ் இரண்டு வழிகளிலும் முயன்று பார்த்துவிட்டார்.

2009-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்'கில் பழைய தொடரின் நாயகர்களான கிர்க், ஸ்பாக் வேடங்களுக்கு இளம் நடிகர்கள். எதிர்காலத்திலிருந்து வரும் ஒரு கப்பல் வரலாற்றையே கலைத்துவிடுவதால் இது தனிக் காலக்கோடு; பழைய கதைகளுக்குச் சேதமில்லை. ஸ்பாக்கின் தாயகமான வல்கன் கிரகமே அழியும்போது, இனி யாருக்கும் எதுவும் நடக்கலாம் என்ற பதற்றம் வந்துவிடுகிறது. முதிய ஸ்பாக்காக, பழைய தொடரில் அந்த வேடத்தில் நடித்த லெனர்ட் நிமோயே வந்தது கெட்டிக்காரத்தனம். ஆனால் பழைய தொடரின் நிதானமான விவாதங்கள் காணாமல் போய், ஓட்டமும் அடிதடியுமே மிஞ்சின.

2015-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படமோ பழைய கதையையே தொடர்ந்தது. பழைய படங்களின் நாயகர்களில் ஒருவரான ஹாரிசன் ஃபோர்டு நரைத்த தலையோடு வந்தார், சரி. அப்புறம்? பாலைவனக் கிரகம், ரகசியம் சுமக்கும் ரோபோ, கிரகங்களை அழிக்கும் ஆயுதம்: 1977-இன் முதல் படத்தில் பார்த்ததேதான். புதிய பாத்திரங்களான ரேயும் ஃபின்னும் புத்துணர்ச்சி தந்தார்கள். அவர்களுக்குப் புதுக்கதைதான் கிடைக்கவில்லை.

என் ஓட்டு முதலாவதற்கே.