பெற்றோருக்கு ஒரு தனிக்கட்டு: மாடியிலா, சுவரை ஒட்டியா, கொல்லையிலா?

கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் கட்டட வேலை பேச வருகிறவர்களில் நிறையப் பேர் இப்போது புதுவீடு கேட்பதில்லை. இருக்கிற வீட்டோடு அப்பா அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். ஆனைமலைப் பக்கமோ கிணத்துக்கடவுப் பக்கமோ தனியாக இருந்து பார்த்துவிட்டு, இனி முடியாது என்ற நிலையில் பெற்றோர் எல்லை தாண்டி மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வருகிறார்கள். மாடியில் ஓர் அறை எழுப்பலாம். பக்கச் சுவரை ஒட்டி ஒரு கட்டு சேர்க்கலாம். கொல்லையில் தனியாக ஒரு சிறுவீடு கட்டலாம். இருக்கிற போர்ட்டிகோவையோ பழைய மாட்டுத் தொழுவத்தையோ அறையாக மாற்றலாம். தகரக் கூரையோ கன்டெய்னர் வீடோ போட்டு ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடலாம்.

எல்லோரும் சதுர அடிக்கு என்ன ஆகும் என்ற இடத்திலிருந்து ஒப்பிடத் தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் யார் காதில் விழும்? அவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்வர எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்? தன் கையால் காபி வைத்துக்கொள்ள அவருக்கென்று அடுப்பு இருக்கிறதா? தங்கச்சி மகள் பார்க்க வந்தால், யாரையும் கேட்காமல் திறந்துவிட ஒரு கதவு இருக்கிறதா? தரைத்தளம், கூப்பிடு தூரம், தனி அடுப்பு, தனிக் கதவு ஆகிய இந்த நான்கையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றை மண்ணும் பணமும் நில ஆவணமும் தீர்மானிக்கட்டும்.

அப்படிப் பார்த்தால் மாடி முதலிலேயே கழிந்துவிடுகிறது. பத்தடி உயரத் தளத்துக்கு ஏற, படி ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்று வைத்தாலே இருபது படிகள் வேண்டும். அதைவிடப் பெரிய தடை வெயில். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. மேல்தளத்து கான்கிரீட் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்கும். வயது ஏற ஏறத் தாக உணர்வும் வியர்வையும் குறைந்துவிடுவதால், உடல் சூடேறுவதே முதியவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அவர்களைக் கொண்டுபோய் வீட்டிலேயே மிகவும் வெப்பமான இடத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் மூன்று சென்ட், நான்கு சென்ட் மனைக்காரர்களுக்கு மாடியை விட்டால் வேறு வழி கிடையாது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாடி கட்டுங்கள், அதில் நீங்கள் குடியேறுங்கள். கீழே இருக்கும் உங்கள் படுக்கையறையும் சமையலறையும் பெற்றோருக்கு ஆகட்டும். தூண் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடாக இருந்தால், மாடி எடுக்கும் முன் ஒரு பொறியாளர் கடைக்காலைத் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து “தாங்கும்” என்று சொல்வது போதாது.

அடுத்தது, ஒட்டிக் கட்டுவதா விலக்கிக் கட்டுவதா என்ற கேள்வி. இங்கே பதிலைப் பெரும்பாலும் மண் சொல்லிவிடுகிறது. கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் காணப்படுவது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில். செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்த தோட்டங்களிலேயே மாறிமாறி வரும். கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பி எழும். அதன் மேல் நிற்கும் கடைக்கால் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டது. அதன் சுவரில் பல் வெட்டிப் புதுச் சுவரைக் கோத்தால், புதுப் பகுதி இனிமேல்தான் அமரத் தொடங்கும். இரண்டும் சேரும் இடத்தில் தரையிலிருந்து கூரைவரை விரிசல் ஓடும். அந்த விரிசல் வழியாகத்தான் முதல் மழைத் தண்ணீர் உள்ளே வரும். பூச்சு வேலையும் புட்டியும் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

எனவே கரிசலில் ஒட்டிக் கட்டுவதாக இருந்தால் புதுக் கட்டுக்குத் தனிக் கடைக்கால், தனித் தூண், தனிச் சுவர் வேண்டும். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் விரிவு இணைப்பு, அதாவது தனித்தனியாக அசைய ஒரு சிறு இடைவெளி விட்டு, மேலே தண்ணீர் இறங்காதபடி தகடு மூட வேண்டும். இத்தகைய மண்ணுக்கென்று ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதி பருத்த பைல் (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியிருக்கிறது. ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, மூன்று மூன்றரை மீட்டர் ஆழத்தில், பைல் தண்டைப்போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் குமிழ் வைத்து கான்கிரீட் போடுவார்கள். பைல்களின் தலைகளை இணைக்கும் பீமின் மேல் சுவர் நிற்கும். சிறிய கட்டுக்கு இது அதிகம் என்று பலர் தயங்குகிறார்கள். விரிசல் விட்ட சுவரை இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது அதிகமில்லை. பைல் போட வசதி இல்லையென்றால், கரிசலில் நான்கடி விலக்கித் தனிச் சிறுவீடாகக் கட்டி, நடுவில் நனையாமல் நடக்க ஓட்டுக்கூரை மட்டும் போடுவதே நல்லது. சுவர்கள் ஒன்றையொன்று இழுக்காது, கூப்பிடு தூரமும் கெடாது. செம்மண்ணோ சரளையோ கிடைத்தால் தயங்காமல் ஒட்டியே கட்டுங்கள். ஒரு சுவர் மிச்சம், குழாயும் வயரும் மிச்சம், இரவில் மழையில் நனையாமல் அம்மாவிடம் போகலாம்.

விலக்கிக் கட்டும்போது கொல்லைக் கோடிக்குப் போய்விடாதீர்கள். தென்னைகளுக்கு நடுவே அறுபதடி தள்ளிக் கட்டிய சிறுவீடு பார்க்க அழகாக இருக்கும். ஆடி மாதம் கணவாய்க் காற்று இரைகிற இரவில் அங்கிருந்து எழும் குரல் யாருக்கும் கேட்காது.

கொல்லைக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. கேரள வருவாய்ப் பதிவேட்டில் மனை ‘புரையிடம்’ என்றும் வயல் ‘நிலம்’ என்றும் பதிவாகியிருக்கும். வீடு நிற்கும் பகுதி புரையிடமாகவும் கொல்லை நிலமாகவும் இருப்பது இந்தப் பக்கம் சாதாரணம். 2008 ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நிலம் என்று பதிவான இடத்தில் எளிதில் கட்டடம் எழும்ப விடாது. நெல்வயல்களின் அரசுப் பட்டியலான தரவு வங்கியில் அந்த இடம் தவறுதலாக நெல்வயல் என்று சேர்ந்திருந்தால் படிவம் 5, தரவு வங்கியில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் நிலம் என்றிருந்தால் படிவம் 6 என்று வருவாய் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். வானம் தோண்டும் முன் கிராம அலுவலகத்தில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். ஒட்டிக் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. வீட்டடி ஏற்கெனவே புரையிடமாக இருக்கும்.

கிணறும் அதே கொல்லையில்தான் இருக்கும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள், ஏறத்தாழ 25 அடிக்குள், கழிவுநீர் உறிஞ்சுகுழி வரக் கூடாது என்பது கேரளக் கட்டட விதி. பத்து சென்ட் மனையில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து வட்டம் போட்டுப் பார்த்தால், சிறுவீட்டின் கழிப்பறைக்கு இடமே இல்லாமல் போவதுண்டு. அப்போது பழைய செப்டிக் டேங்குக்கே குழாயைத் திருப்ப வேண்டும், அதற்கு வாட்டம் கிடைக்க வேண்டும். இந்த விஷயத்திலும் ஒட்டிக் கட்டுவதே எளிது.

பஞ்சாயத்து அனுமதியைப் பொறுத்தவரை எல்லா வழிகளும் ஏறக்குறைய ஒன்றே. மொத்தம் 300 சதுர மீட்டருக்குள், இரண்டு தளத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கேரளத்தில் உரிமம் பெற்ற வடிவமைப்பாளரின் சுயசான்றோடு அனுமதி கிடைக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே பெரிய வீடு உள்ளவர்கள் மட்டும் 278.7 சதுர மீட்டர் என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பரப்பைத் தாண்டிய வீட்டுக்கு ஆண்டுதோறும் கூடுதல் வரி உண்டு.

மின்சாரக் கணக்கு பலர் கவனிக்காதது. கேரளத்தில் வீட்டு மின்பயன்பாடு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், படிப்படியான கட்டணம் போய் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை வந்துவிடும். பெற்றோர் அறையில் குளிர்சாதனமும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொடுவது கடினமில்லை. தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள கட்டுக்குத் தனி வீட்டு எண்ணும் தனி மீட்டரும் கிடைக்குமா என்று வரைபடம் போடும் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

போர்ட்டிகோ, தொழுவம் ஆகியவற்றை மாற்றுவதைப் பலர் தாழ்வாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த வழி மிகவும் பிடிக்கும். கூரை ஏற்கெனவே இருக்கிறது. போர்ட்டிகோவின் தரை முற்றத்து மட்டத்திலேயே இருப்பதால் படியும் இல்லை. இதன் அருமை சாய்தளத்தைக் கணக்குப் போட்டால் தெரியும். சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் வீடுகளின் பேஸ்மட்டம் ஒன்றரை அடி என்றால் சாய்தளம் பதினெட்டு அடி ஓட வேண்டும். அதற்கு எத்தனை முற்றத்தில் இடம் இருக்கிறது? முன்பக்கக் கட்டாய இடைவெளிக்குள் நிற்கும் போர்ட்டிகோவைச் சுவர் வைத்து அடைத்தால் விதிமீறலாகிவிடும், அதை மட்டும் அளந்து பாருங்கள். தொழுவத்தில் வேறொரு வேலை உண்டு. பல ஆண்டுகள் கோமியம் ஊறிய தரையிலும் சுவரடியிலும் உப்பு தங்கியிருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூச்சு உதிரும். தரையை ஓரடிக்கு மேல் தோண்டி எறிந்து புது கிராவல் நிரப்ப வேண்டும். சுவரின் அடிப்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரத்தடுப்புப் படலம் கொடுத்துப் பிறகு பூச வேண்டும்.

தகரக் கூரையையும் கன்டெய்னரையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் பகலில் முதியவர்களைப் படுக்க வைக்க முடியாது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுழற்றும் காற்று தகரத்தையும் விடாது. கட்டட வேலை முடியும்வரை ஆறு மாதம் சமாளிக்க என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது? வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரைபடம் அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இத்தகைய துணைவீட்டுக்கு உச்சவரம்பு 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 645 சதுர அடி. நமக்கு அவ்வளவு தேவையில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, ஐந்துக்கு எட்டில் கழிப்பறை, ஆறுக்கு எட்டில் சமையல் இடம், பத்தடி நீளத் திண்ணை, சுவர்களையும் சேர்த்து 350 சதுர அடிக்குள் அடங்கும். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலே 7 லட்சம் ஆகிறது. போர்ட்டிகோ மாற்றம் அதில் பாதிக்குள் முடியும். பணம் குறைந்தால் அறையைச் சுருக்குங்கள், திண்ணையைச் சுருக்காதீர்கள். வருகிற போகிறவர்களைப் பார்த்துப் பேச ஓர் இடம் இல்லாவிட்டால் ஊர் மாறி வந்த முதியவர்கள் ஒடுங்கிவிடுகிறார்கள். “கண்ணு, எனக்குத் தெரு தெரிகிற மாதிரி ஒரு திண்ணை வை, அது போதும்” என்று ஓர் ஆத்தா என்னிடம் கேட்டார். அவர் கேட்டதே சரியான வரைபடம்.

கழிப்பறையில் மட்டும் யார் சிக்கனம் சொன்னாலும் கேட்காதீர்கள். கதவு 90 சென்டிமீட்டர் அகலத்தில், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும். நிலைப்படி வேண்டாம், வழுக்காத டைல்ஸ் வேண்டும். கைப்பிடிக் கம்பியைச் சுவர் கட்டும்போதே இடம் குறித்து கான்கிரீட்டில் பதிக்க வேண்டும்.

கடைசியாக, பணம் யாருடையது என்ற கேள்வி. பல குடும்பங்களில் பெற்றோர் தங்கள் ஊர் வீட்டையோ தோட்டத்தையோ விற்றுக் கொடுத்த பணத்தில்தான் இந்தக் கட்டு எழும்புகிறது. அல்லது அந்தச் சொத்தை முன்கூட்டியே பிள்ளை பெயருக்கு எழுதி வைக்கிறார்கள். கட்டு நிற்பதோ மருமகன் மனையில், அல்லது மகன் பெயரில் உள்ள மனையில். அதைத் தனியாக விற்கவும் முடியாது, பிரித்து எடுக்கவும் முடியாது. 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு இதற்கு ஒரு காப்பு தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர், பராமரிக்க மறுத்தால் அந்தப் பரிமாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் பெற்றோரின் கை வலுக்கும். நல்ல பிள்ளைகள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டியதில்லை. அவர்களே முன்வந்து எழுதச் சொல்லலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், கையெழுத்திடும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்ல, பிள்ளைகள் அல்லாத ஒருவர் அவர்களோடு பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.